மாலை விளையாட்டுக்குப் பிள்ளைகள் என்ன உடுத்தி, காலில் என்ன போட்டு வரலாம்?

நொய்யல்_டீச்சர்

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. வரும் பருவத்திலிருந்து ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் மாலை 3.30 முதல் 4.30 வரை வெளியே விளையாட விடப் போகிறோம். மைதானத்தில் பாதி செம்மண், நடுவில் பழைய சிமென்ட் தளம். ஓரத்தில் சறுக்குமரம், ஊஞ்சல், கையால் தொங்கிக்கொண்டு போகிற கம்பி ஏணி. கிழக்கு வேலியை ஒட்டிச் சீமைக் கருவேலம் வளர்ந்து கிடக்கிறது.

இப்போதைய உடை: பையன்களுக்கு டெரிகாட்டன் அரை டிரவுசரும் சட்டையும். பெண் பிள்ளைகளுக்கு முதுகில் நாடா கட்டுகிற பினோபார். எல்லோருக்கும் கறுப்பு ஷூ. வாரத்தில் இரண்டு நாள் பி.டி. உடுப்பு: சூப்பர் பாலி (பாலியஸ்டர் துணி) டிராக் பேன்ட், டி-ஷர்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ.

பெற்றோருக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்ப வேண்டும். எதை மாற்றச் சொல்வது, எதை அப்படியே விடலாம்? செருப்பா, ஷூவா, வெறுங்காலா? "வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டு முன்னால் பஞ்சு அடைத்து அனுப்புகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது? துணி, தையல், காலணி தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். புதுச் செலவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

திருப்பூர்_கியூசி

டீச்சர், துணி எந்த ரகம் என்று பார்ப்பதற்கு முன்னால் அதில் தொங்குவது என்ன என்று பாருங்க. குழந்தை உடுப்பில் உயிருக்கே ஆபத்தாகிற விஷயம் கயிறுதான்.

சறுக்குமரத்தின் உச்சிக்குப் போய்ப் பாருங்க. தகடும் பக்கத்துக் கைப்பிடியும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன இடுக்கு இருக்கும். விரல் நுழையாது, நாடா நுழையும். நாடாவின் நுனியில் முடிச்சோ பிளாஸ்டிக் ஸ்டாப்பரோ இருந்தால் உள்ளே விழுந்தது திரும்பி வராது. பிள்ளை சறுக்கிக் கீழே போகும், கயிறு மேலேயே நிற்கும். இடுப்புக் கயிறானால் பாதியில் தொங்கும். தொப்பிக் கயிறானால் உடம்பு எடை முழுக்கக் கழுத்தில் விழும். இதனால்தான் அமெரிக்காவில் 1996-லேயே குழந்தைகளின் மேலுடுப்பில் தொப்பிக் கயிறும் கழுத்துக் கயிறும் வேண்டாம் என்று வழிகாட்டுதல் வந்தது. ஐரோப்பாவில் இ.என். 14682 என்ற தரவிதி இருக்கிறது: 7 வயதுக்குக் கீழே தலை, கழுத்துப் பகுதியில் எந்தக் கயிறுமே கூடாது. இடுப்பிலும் கீழ் ஓரத்திலும் வருகிற கயிற்றுக்கு அமெரிக்க அளவு இது: உடுப்பை முழு அகலத்துக்கு விரித்துப் பிடிக்கும்போது வெளியே 3 அங்குலத்துக்கு மேல் தொங்கக் கூடாது, நுனியில் முடிச்சு கூடாது, உருவிக்கொண்டு வராதபடி நடுவில் ஒரு பார்டேக் (கயிற்றைத் துணியோடு பிடித்து வைக்கிற நெருக்கமான தையல்) அடித்திருக்க வேண்டும்.

ஏற்றுமதிக்குப் போகிற குழந்தை உடுப்பில் இதையெல்லாம் பார்க்காமல் பெட்டி கட்ட மாட்டார்கள். உள்ளூர்க் கடைக்குப் போவதில் பார்க்க ஆளில்லை. அதனால் வீட்டில் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பினோபாரின் முதுகு நாடாவை முதலில் எடுத்துவிடுங்க. கட்டிய முடிச்சு ஒரு மணி நேர ஓட்டத்தில் அவிழும். அவிழ்ந்தால் அரை மீட்டர் நாடா இரண்டு பக்கமும் பின்னால் பறக்கும். பிள்ளைக்கே தெரியாத இடத்தில் தொங்குகிற கயிறு அது. முதுகுப் பக்கம் 1 அங்குல எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் நாடாவின் வேலையை அது செய்துவிடும். டிராக் பேன்ட் கயிற்றை உருவிப் போட்டு எலாஸ்டிக்கை மட்டும் விடுங்க. எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் எலாஸ்டிக்கை மாற்றுவதுதான் சரி. கயிற்றை இறுக்குவது சரியில்லை.

துணி விஷயம். டி-ஷர்ட் சிங்கிள் ஜெர்சியில், அதாவது சாதா பனியன் துணியில், 160 முதல் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) இருந்தால் போதும். 140-க்குக் கீழே போனால் பின்னாலிருந்து ஒருவன் பிடித்து இழுத்ததும் தோள் தையலோரம் கிழியும். 220-க்கு மேல் போனால் வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் பாரமாகத் தொங்கும். சூப்பர் பாலி உழைக்கும், சீக்கிரம் காயும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. டிராக் பேன்ட்டாகத் தளர்வாக இருந்தால் பரவாயில்லை, உடம்பை ஒட்டுகிற மேல்சட்டைக்கு வேண்டாம்.

பட்டனையும் பாருங்க. ஐரோப்பாவிலிருந்து வாங்குகிற கம்பெனிகள் பொதுவாக 90 நியூட்டன் இழுவை கேட்பார்கள். கிட்டத்தட்ட 9 கிலோ எடையைப் பட்டனில் தொங்கவிட்ட மாதிரி. சந்தையில் வருகிற சட்டையின் பட்டன் ஒற்றை நூல் சங்கிலித் தையலில் நிற்கும்; நுனி நூலை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். வாங்கிய அன்றே கையூசியால் நான்கு சுற்றுப் போட்டு முடிந்துவிட்டால் தீர்ந்தது.

ஆம்பூர்_லாஸ்ட்

காலணிக்கு நான் சொல்கிறேன். முதலில் அந்தப் பஞ்சு.

நம் கடைகளில் எழுதியிருக்கிற நம்பர் பெரும்பாலும் இங்கிலாந்து அளவு. அதில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். யூரோ நம்பரில் ஒரு சைஸ் 6.7 மில்லிமீட்டர். குழந்தைக் காலுக்கு விரலுக்கு முன்னால் இருக்க வேண்டிய இடைவெளி 10 முதல் 12 மி.மீ. சரியான சைஸிலேயே அந்த இடம் இருக்கும். இரண்டு சைஸ் கூட்டினால் இன்னும் 17 மி.மீ. சேர்ந்து, கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் காலியாகக் கிடக்கும்.

அந்தக் காலியிடம் என்ன செய்யும் என்பதுதான் பெற்றோருக்குப் புரிய வேண்டியது. ஷூவின் சோல் ஒரு குறிப்பிட்ட கோட்டில்தான் மடங்கும். அந்தக் கோடு பாதத்தின் மேட்டுக்கு, அதாவது விரல்கள் தொடங்குகிற இடத்துக்கு, நேராக வரும்படிதான் லாஸ்ட், அதாவது ஷூவுக்கான பாத அச்சு, செய்கிறோம். பெரிய ஷூவில் அந்தக் கோடு விரல்களுக்கு அடியில் தள்ளிப் போகிறது. பாதம் மடங்குகிற இடத்தில் சோல் மடங்காது, சோல் மடங்குகிற இடத்தில் பாதம் இல்லை. பிள்ளை ஓடும்போது முன்முனை தரையில் இடறும், குதிகால் ஒவ்வொரு எட்டுக்கும் மேலே ஏறி இறங்கும், அங்கே கொப்புளம் வரும். பஞ்சு அடைத்தால் குதிகால் ஏறுவது கொஞ்சம் குறையலாம். ஆனால் ஓடி நிற்கும்போது விரல்நுனி பஞ்சில் போய்க் குத்தும். கட்டை விரல் நகம் கறுத்து வருவது இப்படித்தான்.

அளவெடுக்கும் முறை. மாலையில் அளக்க வேண்டும், அப்போதுதான் பாதம் விரிந்திருக்கும். சுவரோடு குதிகாலை ஒட்டி, காகிதத்தின் மேல் நிற்க வையுங்கள். உட்கார வைத்து அளந்தால் குறைவாக வரும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்கு அது இரண்டாவது விரலாக இருக்கும். இரண்டு காலையும் அளந்து, நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்தோடு 12 மி.மீ. சேர்த்து, ஒரு விரல் அகலத்தில் அட்டைத் துண்டு வெட்டுங்கள். கடையில் அந்த அட்டையை ஷூவுக்குள் விடுங்கள். வளையாமல் தட்டையாகப் படுத்தால் நீளம் சரி. மேலே கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள். அழுத்தினால் பிள்ளை விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பள்ளியிலேயே அட்டைகளை வெட்டிக் கொடுத்தனுப்பினால் செலவே இல்லை. ஆறு வயது வரை பாதம் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அதற்கு மேல் வயதுள்ளவர்களுக்கு நான்கு மாதம். முன்னிடைவெளி 5 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

அகலம் இன்னொரு சங்கதி. அடையாறு சி.எல்.ஆர்.ஐ. (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்) 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தபோது, நம் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்று தெரியவந்தது. இன்றைக்குக் கடையில் இருக்கிற பெரும்பாலான ஷூ வெளிநாட்டு அளவு. அதனால்தான் பக்கவாட்டில் இறுக்குகிறது, அந்த இறுக்கத்தைத் தீர்க்கத்தான் பெற்றோர் நீளத்தில் பெரிதாக வாங்குகிறார்கள். சுண்டுவிரல் பக்கம் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) சோலைத் தாண்டி வெளியே பிதுங்கினால் சைஸைக் கூட்டாதீர்கள். வேறு மாடல், முன்பக்கம் உருண்டையானது, தேடுங்கள்.

சோல். கறுப்புப் பள்ளி ஷூவில் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். உழைக்கும், மலிவு, ஆனால் தேய்ந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஈரச் சிமென்ட்டில் நிற்காது. ரப்பரோ டிபிஆரோ (ரப்பர் மாதிரிப் பிளாஸ்டிக்) நன்றாகப் பிடிக்கும். வெள்ளை கேன்வாஸ் ஷூவின் அடி ரப்பராக இருந்தால், விளையாட்டுக்குக் கறுப்பு ஷூவைவிட அதுவே நல்லது. மூன்று சோதனை போதும். ஒன்று: முன்னும் பின்னும் பிடித்து மடக்குங்கள், மேட்டுக்கு நேரே மடங்க வேண்டும், நட்டநடுவில் மடங்கினால் வேண்டாம். இரண்டு: ஈரத் துணி பிழிவது போல முறுக்குங்கள், சற்றுத்தான் முறுக வேண்டும். மூன்று: குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை இரண்டு விரலால் நசுக்குங்கள், உள்ளே கவுன்ட்டர் (குதிகாலைத் தாங்குகிற விறைப்பான துண்டு) இருந்தால் எதிர்த்து நிற்கும், அப்பளம்போல் நொறுங்கினால் கணுக்கால் பிசகத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணன் போட்டது தம்பிக்கு என்றால் ஒரு எச்சரிக்கை. பியூ (பாலியூரித்தேன்) சோல் இரண்டு மூன்று வருடம் அலமாரியில் கிடந்தால், நம் ஊர் ஈரக் காற்றிலேயே உள்ளுக்குள் சிதைந்துவிடும். வெளியே புதுசாகத் தெரியும். ஓட ஆரம்பித்ததும் கேக் மாதிரி உதிரும். கட்டை விரலால் அழுத்தினால் பிசுபிசுப்பாகவோ பொடியாகவோ வந்தால் தூக்கி எறியுங்கள். இவிஏ (லேசான நுரைப் பிளாஸ்டிக்), ரப்பர் சோலுக்கு இந்த வியாதி இல்லை.

இன்னொன்று, உங்கள் கருவேலம். ரப்பர் போலத் துளைத்துளையாக, லேசாக, அடி தடித்து வருகிற கட்டை மாதிரிச் செருப்புகள் இப்போது எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கின்றன. அது இவிஏ. கருவேல முள் அதில் வெண்ணெயில் ஊசி போல இறங்கும். முள் உள்ளே மறைந்து நின்று, மறுநாள் மிதிக்கும்போது குத்தும். வேலிப் பக்கம் போகிற பிள்ளைக்கு அது காலணியே இல்லை.

நொய்யல்_டீச்சர்

ஆம்பூர் சார், அட்டை யோசனை அருமை. முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் அளந்துவிடுகிறோம். லேஸா, வெல்க்ரோவா? ஒன்றாம் வகுப்பில் 30 பேருக்கு லேஸ் கட்டிவிடுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

ஆம்பூர்_லாஸ்ட்

இரண்டாம் வகுப்பு வரை வெல்க்ரோ. நேராகப் போய் ஒட்டுகிற வார் வேண்டாம். ஒரு வளையத்துக்குள் நுழைந்து திரும்பி வந்து ஒட்டுகிற வார் பாருங்கள். இழுத்து இறுக்கினால் இறுக்கம் நிற்பது அதில்தான். ஒட்டவில்லை என்று ஷூவைத் தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் கொக்கிப் பக்கத்தில் நூலும் முடியும் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷால் குறுக்கே தேய்த்து, மிச்சத்தை ஊக்கால் எடுத்தால் மறுபடி பிடிக்கும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் லேஸ். கட்டி முடித்தபின் இரண்டு காதும் ஷூவுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுக்க வேண்டும். விரல் பக்கமும் கணுக்கால் பக்கமுமாகத் திரும்பி நின்றால் அது அவிழ்கிற முடிச்சு. முதல் பின்னலை மட்டும் மாற்றிப் போடச் சொல்லுங்கள், அதாவது வலதை இடதுக்கு மேல் போடுகிற பிள்ளை இடதை வலதுக்கு மேல் போட வேண்டும். முடிச்சு தானாகச் சரியாகிவிடும். மிஞ்சுகிற காதுகளைக் குறுக்கு லேஸுக்கு அடியில் செருகிவிட்டால் போதும்.

கிளித்தட்டு

டீச்சரம்மா, ஷூ ஷூ என்று எல்லோரும் பேசுகிறார்கள். செம்மண்ணில் வெறுங்காலில் ஓட விடுங்கள் என்று சொல்ல ஒருவராவது வேண்டாமா? 1992-இல் 2300 இந்தியக் குழந்தைகளின் பாதத்தடத்தை எடுத்துப் பார்த்து ஓர் ஆய்வு வெளிவந்தது. தட்டைப் பாதம் அதிகமாக இருந்தது முன்பக்கம் மூடிய ஷூ போடுகிற பிள்ளைகளிடம். அதைவிடக் குறைவு செருப்புப் போடுகிறவர்களிடம். எல்லோரையும்விடக் குறைவு வெறுங்காலில் திரிகிறவர்களிடம். பாதத்துச் சிறு தசைகளுக்கும் வேலை வேண்டும். கிளித்தட்டு, கோ-கோ, கபடி, நொண்டி எல்லாம் மண்ணில் வெறுங்காலில் ஆடினால்தான் திரும்பும் வேகம் கைக்கு வரும்.

ஆனால் மண்ணைத் தயார் செய்ய வேண்டும். 3.20-க்கு ஐந்தாம் வகுப்பில் பத்துப் பேரை ஒரு கை இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, ஷூவோடு, தரையைப் பார்த்துக்கொண்டே மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாக நடக்க விடுங்கள். கண்ணாடி, ஆணி, முள் எல்லாம் ஒரு வாளியில் சேரட்டும். மழைக்குப் பிறகு நெருஞ்சி தரையோடு படர்ந்து மஞ்சள் பூ விடும். காய்க்கும் முன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும், காய் விழுந்துவிட்டால் அந்த வருடம் முழுக்கத் தொல்லை. கருவேல வேலியிலிருந்து 5 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்கு அப்பால் பந்து போனால் ஷூ போட்டவர் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று வைத்துவிடுங்கள்.

சிமென்ட் தளத்தில் வெறுங்கால் கூடாது. ஏப்ரல், மே மாதத்தில் 3.30-க்கும் அது சுடும். புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்குத் தளம் கிடையாது. சறுக்குமரத் தகட்டுக்கும் இதே சோதனைதான். அரை டிரவுசர் பிள்ளையின் பின்தொடை நேராகத் தகட்டில் படும் என்பதை மறக்க வேண்டாம்.

சாக்ஸோடு மட்டும் ஓட விடாதீர்கள். ஷூவைக் கழற்றினால் சாக்ஸையும் கழற்ற வேண்டும். சிமென்ட்டில் சாக்ஸ் வழுக்குவது போல எந்தச் செருப்பும் வழுக்காது.

வார்டு_சிஸ்டர்

கிளித்தட்டு சார் சொல்வது பாதத்துக்குச் சரி. மண்ணுக்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணிலிருந்து நேராகத் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலிடுக்குதான் அதற்கு வசதி. மனித மலம் கலந்த மண்ணில் இருந்துதான் அது வரும். நாய், பூனை கழிக்கிற மணலில் வேறு வகைக் கொக்கிப்புழு; அது தோலுக்கடியில் பாம்பு போல் நெளிந்த கோடாக அரிக்கும். ஆகவே கழிப்பறையைச் சுற்றி, வேலியோரம், மூடாமல் கிடக்கும் மணல்குழி, மழை பெய்த மறுநாள் ஈரமண், இங்கெல்லாம் காலணி கட்டாயம். காய்ந்த, பெருக்கிய செம்மண்ணில் வெறுங்கால் சரி. மணல்குழிக்கு இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பள்ளியில் வருடத்துக்கு இரண்டு முறை கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரையை யாரும் விடக்கூடாது, 400 மி.கி., மென்று விழுங்க வேண்டும். ரணஜன்னியைத் தடுக்கிற டி.பி.டி. ஊசி எல்லாப் பிள்ளைகளுக்கும் 5 வயதுத் தவணை வரை போட்டாகிவிட்டதா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முள் குத்தினால் ஊசியால் ஆழமாகத் தோண்ட வேண்டாம். நுனி தெரிந்தால் இடுக்கியால் நேராக இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கருவேல முள் மூட்டுப் பக்கத்தில் ஒடிந்து உள்ளே நின்றால், காயம் ஆறிய மாதிரி இருந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கும். முழங்காலிலோ கணுக்காலிலோ குத்தியிருந்தால் வீட்டுக்கு எழுதியே அனுப்புங்கள்.

நகைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. கழுத்துச் சங்கிலி, கறுப்புக் கயிறு, தாயத்து எல்லாம் திருப்பூர்க்காரர் சொன்ன அதே கழுத்துக் கயிறுதான், இன்னும் கெட்டியானது. சாமிக் கயிற்றைக் கழற்றமாட்டேன் என்கிற வீட்டில் சண்டை போட வேண்டாம். கையிலோ இடுப்பிலோ கட்டச் சொல்லுங்கள். அரைஞாண் உடுப்புக்குள் இருக்கும்வரை தொல்லையில்லை. மோதிரம் கட்டாயம் கூடாது: கம்பியில் தொங்கிக் குதிக்கும்போது மோதிரம் மாட்டினால் விரல் தோலோடு உரிந்து வரும். கொலுசின் சலங்கை வலையிலும் ஷூ வாரிலும் மாட்டும். ஜிமிக்கி, வளையத்துக்குப் பதில் பொட்டுத் தோடு. சைக்கிளில் வருகிற பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் கம்பியிலோ சறுக்குமரத்திலோ ஏற வேண்டும். தலை நுழையாத கம்பி இடைவெளியில் உடம்பு நுழைந்து, ஹெல்மெட் மேலே மாட்டி, தாடைப் பட்டை கழுத்தை இறுக்கும்.

ஷூவால் வருகிற ஒரு எலும்பு முறிவையும் சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தையைப் பெரியவர் மடியில் வைத்துச் சறுக்குவார்கள், பாதுகாப்பு என்று நினைத்து. குழந்தையின் ரப்பர் சோல் பக்கத் தகட்டில் பிடித்துக்கொள்ளும். தனியாகச் சறுக்கினால் குழந்தை அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தால் பெரியவரின் எடை தள்ளிக்கொண்டே போகும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுகி உடையும். ஆண்டு விழா நாளில் தம்பி தங்கையோடு வருகிற பெற்றோருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

மாலை நேரம் ஏடிஸ் கொசு கடிக்கிற நேரம். டெங்கு பரவும் மாதங்களில் முழுக்கால் பேன்ட், வெளிர் நிறம், தளர்வாக. இறுக்கமான லெகின்ஸ் துணியைத் தாண்டியே கொசு கடிக்கும்.

வேர்க்குரு வருகிற பிள்ளைக்குப் பருத்தியா பாலியஸ்டரா என்று கேட்பார்கள். தளர்வுதான் முதல் மருந்து. விளையாடி முடித்ததும் நனைந்த சட்டையை மாற்ற ஒரு பனியனைப் பையில் வைத்தனுப்பினால், துணி ரகத்தைப் பற்றிய பாதிக் கவலை போய்விடும்.

ஊசிநூல்

டெய்லர் பக்கத்திலிருந்து. புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், இருக்கிறதைத் திருத்தலாம்.

வீட்டிலேயே உடுப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முழுக்கக் குந்தி உட்காரணும். இடுப்பு இறங்கி முதுகு தெரிந்தால் பின்பக்க உயரம் பத்தவில்லை. இரண்டு கையும் மேலே தூக்கணும். சட்டை இடுப்பை விட்டு ஏறி வயிறு தெரிந்தால் கம்பியில் தொங்கும்போது வயிறு உரசும். ஒரு காலை நாற்காலி மேல் வைக்கணும். தொடையில் பிடித்தால் கவட்டைத் தையல் அன்றைக்கோ மறுநாளோ விடும்.

டெரிகாட்டன் டிரவுசர் கிழிவது எப்போதும் கவட்டையில்தான். நான்கு தையல் ஒரே புள்ளியில் வந்து சேருகிறது, துணி இழுபடாது. அந்தப் புள்ளியில் 8 செ.மீ. சதுரத் துணியைச் சாய்சதுரமாகத் திருப்பி வைத்துத் தைத்தால், இழுவை ஒரு புள்ளியில் விழாமல் நான்கு ஓரத்துக்குப் பிரியும். பாலியஸ்டர் நூலில், அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல், இரண்டு வரிசை. பருத்தி நூல் வேண்டாம், இழுத்தால் அறும்.

முழங்காலுக்கு ஒட்டு வைப்பதில் எல்லோரும் இடத்தைத் தவற விடுகிறார்கள். நிற்க வைத்துக் குறித்தால் ஒட்டு மேலே போய்விடும். மண்டியிட வைத்து, தரையில் படுகிற இடத்தைச் சாக்குக்கட்டியால் குறிக்கணும். அது முழங்கால் சில்லுக்குக் கீழே இறங்கித்தான் வரும். 20-க்கு 14 செ.மீ. துண்டு, மூலைகளை உருட்டி வெட்டுங்கள். கூர்மூலை முதலில் பிரியும். குழந்தைப் பேன்ட்டின் கால் குழாய் மெஷின் பாதத்துக்குள் நுழையாது. வெளிப்பக்கத் தையலை ஒரு சாண் பிரித்து, தட்டையாக விரித்து, ஒட்டைத் தைத்துவிட்டு, மறுபடி மூடித் தைக்கணும். பனியன் துணியானால் முனை உருண்ட ஊசி போடணும், சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும்.

பினோபாருக்குள் சைக்கிளிங் ஷார்ட்ஸ் போட்டால் பெண் பிள்ளைகள் கம்பியில் தலைகீழாகவும் தொங்குவார்கள், சறுக்குமரத்திலும் தொடை சுடாது. உடை மாற்றுகிற காலம் வரும்போது டிவைடர் ஸ்கர்ட்டுக்குப் போய்விடுங்கள். பார்க்கப் பாவாடை, உள்ளே இரண்டு கால். டிராக் பேன்ட்டின் கால் நீளத்தை வெறுங்காலில் நிற்க வைத்துப் பார்த்து, தரையிலிருந்து 3 செ.மீ. மேலே நிற்கிற மாதிரி மடித்துத் தைக்கணும். மிச்சத்தை வெட்ட வேண்டாம், உள்ளே மடிப்பாக இருக்கட்டும். அடுத்த வருடம் இறக்கிக்கொள்ளலாம். துணியில் வளர்ச்சிக்கு இடம் விடுவது இப்படித்தான். ஷூவில் விட முடியாது, துணியில் முடியும்.

நொய்யல்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பினோபார் நாடாவையும் டிராக் கயிற்றையும் எடுத்துவிடச் சொல்கிறோம். விளையாட்டு நேரத்துக்குக் கறுப்பு ஷூவை மாற்றி தினமும் வெள்ளை கேன்வாஸ். காய்ந்த செம்மண்ணில் மட்டும், வரிசை நடை முடிந்த பிறகு வெறுங்கால். அட்டை அளவு நாங்களே எடுக்கிறோம். வேலிக்கு இந்தப் பக்கம் 5 மீட்டரில் கோடு.

கடைசியாக ஒன்று. அக்டோபர், நவம்பரில் கேன்வாஸ் தினமும் நனையும். ஒரே ஜோடிதான் எல்லோரிடமும் இருக்கும். மறுநாள் காலைக்குள் எப்படிக் காயவைப்பது? சிலர் அடுப்புப் பக்கத்தில் வைத்து சோல் விட்டுப் போய் வருகிறது.

ஆம்பூர்_லாஸ்ட்

சோல் விட்டுப் போவது அந்தச் சூட்டினால்தான். ஒட்டின பசை இளகிவிடுகிறது. அடுப்பு, உச்சி வெயில் இரண்டும் வேண்டாம். சேற்றைக் கழுவி, லேஸை உருவி, நாக்கை முன்னால் மடக்கி, உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கிற இன்சோலைத் தனியாக எடுத்துவிடுங்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதான். பழைய செய்தித்தாளைக் கசக்கி முன்முனை வரை அடைக்கணும். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறிவிடும், மாற்றணும், படுக்கப் போகுமுன் இன்னொரு முறை. பிறகு தாளை எடுத்துவிட்டு, ஷூவைச் சுவரில் சாய்த்து, வாய்ப்பக்கம் மின்விசிறிக்கு நேராக இருக்கிற மாதிரி இரவு முழுக்க வைத்தால் கேன்வாஸ் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். லேசான ஈரம் மிச்சமிருந்தாலும் சாக்ஸ் காய்ந்ததாக இருக்கணும், மத்தியானத்துக்கு மாற்றச் சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கணும்.

விட்ட சோலை வீட்டுப் பசை வைத்து ஒட்டாமல், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஓரம் முழுக்கச் சுற்றித் தைத்து வாங்குங்கள். அந்தத் தையல் மிச்ச வருடத்தைத் தாங்கும்.

வார்டு_சிஸ்டர்

மழை மாதத்தில் தரையில் வைத்த ஷூவுக்குள் பூரானும் தேளும் ஒதுங்கும். காலை நுழைக்குமுன் குதிகால் பக்கத்தைப் பிடித்துக் கவிழ்த்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போடச் சொல்லி அந்தக் குறிப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். செய்தித்தாள் அடைத்திருந்தால், அதை உருவும்போது கையை உள்ளே விடாமல் ஷூவைக் கவிழ்த்து உதறியே எடுக்கணும்.